அடிக்குப் பதினெட்டு வெள்ளி

பொங்கோல் படகுத்துறை, பகல் பதினொன்று.
நேற்றிரவு கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டவன் நான்தான்,
கண்ணுக்குள் இன்னும் மணல்.
எதிரே ஜொகூர்ப் புகைபோக்கிகள்.
இரும்புத் தட்டுகளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன
பதினாறடி ஒன்று, இருபத்துமூன்றடி ஒன்று,
இரண்டும் யாரோ சலித்துப்போனவை.

சின்னதின் சொந்தக்காரர் கியோங், டாக்சி ஓட்டுகிறார்.
மீட்டரை அணைக்காமல் வந்தவர்போல் அவசரம்:
"நாற்பது குதிரை யமாஹா. தனியாளே போதும்.
விடியுமுன் போய் மதியச் சோற்றுக்குத் திரும்பிடலாம்."
விரல்முட்டியால் கடையாரைத் தட்டினேன்.
நல்ல தர்பூசணியின் சத்தம்.

பெரியதைத் தட்டினேன்.
வலது மூலையில் கையகலத்துக்கு
ஊறிய ரொட்டியின் ஊமைச் சத்தம்.
"அங்கே உளுத்திருக்கு, ரெண்டாயிரம் குறைச்சுக்கோ,"
நான் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டாள் திருமதி லியோங்.
பெர்த்துக்குக் குடிபோகிறவள்.
பதினொரு கிலோ கொடுவாயோடு நிற்கும் படத்தை
நான் கேட்காமலே காட்டினாள்.
டீசல் இயந்திரம். குழாயில் தண்ணீர் விட்டு முடுக்கினோம்.
முதல் தடவை இருமியது, இரண்டாவதில் திட்டியது,
மூன்றாவதில் வேலைக்கு வந்தது.

பவளமணி கைப்பேசியில் பெருக்கினாள்.
நிறுத்திவைக்க அடிக்குப் பதினெட்டு வெள்ளி, மாதாமாதம்.
"ஏழடி கூட. நூத்து இருபத்தாறு.
கடலுக்கே போகாத மாசமும் நூத்து இருபத்தாறு.
தினம் பன்னெண்டு மீட்டர் ஓட்டுறீங்களே, அது பத்தலையா?"

கணக்கில் நான் அவளை வென்றதில்லை.
சின்னதில் ஏறி நின்று பார்த்தேன்.
கை நீட்டினால் நங்கூரம்,
கை நீட்டினால் பெட்ரோல் தொட்டி, தூண்டில், சுக்கான்,
ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஒருவனுக்கு.

ஜுமாட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
பதினான்கு வருடம் வாடகைப் படகுகளில்
எனக்கு எதிர்ப்பலகையில் உட்கார்ந்த கூட்டாளி.
வெள்ளியில் பிறந்ததால் அந்தப் பெயர்,
வெள்ளித் தொழுகை முடிந்துதான் கிளம்புவோம்.
போன ஜனவரியில் வலது முழங்காலில் உலோகம் வைத்தார்கள்.
மடங்கும், ஆனால் பேரம் பேசித்தான் மடங்கும்.
சர்க்கரை வேறு, மணிக்கொரு தரம் ஒதுங்க வேண்டும்.
சின்னதில் ஒதுங்குமிடம் கடல்தான்.
கூச்சக்காரன். ஒருமுறை தேக்கோங்கிலிருந்து
உபின் வரை அடக்கிக்கொண்டே வந்தான்.
பேச்சு நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

பெரியதின் அணியத்துக்குக் கீழே
அலமாரி மாதிரி ஒரு கதவு. திறந்தேன்.
கழிப்பிருக்கை, மூடி உடைந்தது.
பக்கச் சுவரில் பிடித்து ஏறக் கம்பி.
பின்பெஞ்சை இழுத்தால் காலை மடக்காமல் படுக்கலாம்,
சாணால் அளந்தேன்:
ஏழடிக்கு இரண்டு விரல் குறைவு.

அவனுக்குப் போன் செய்தேன்.
"சின்னதை வாங்கு," என்றான் மலாயில், உடனே,
ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில்.
"ஒத்தை ஆளுக்குப் பெரிசு எதுக்கு?
மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வா."
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது வித்துப்போச்சு," என்றேன்.

எதிரே கியோங் தன் படகில் சாய்ந்து
பொட்டலத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஜுமாட் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தொலைக்காட்சி நின்றது.
"பெரிசுல," என்றான், "நிழல் இருக்கா?"

பவளமணி என்னைப் பார்த்தாள்.
திரையில் நின்ற நூற்று இருபத்தாறைப் பார்த்தாள்.
கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு
லியோங்கின் பக்கம் திரும்பினாள்:
"அந்த மூடிக்குத் தனியா எவ்வளவு குறைப்பீங்க?"